ஆரஞ்சு நிறத்தில் ஒரு லக்ஷ்மண்

"பேரு மட்டும் சொல்லுங்க அக்கா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

வெள்ளத்தாய் இதைச் சொன்னபோது காலை ஏழரை மணி. இராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்த நாராயணியின் துப்பறியும் அலுவலகத்தில் அப்போதுதான் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டும் வெள்ளத்தாய் உட்காரவில்லை. ஒரு மஞ்சள் துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாதமாக அவள் கண்ணில் தண்ணீர் வற்றிப்போய், அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருந்தது.

நாராயணிக்கு அந்தப் பார்வை புதிதல்ல. மதுரையில் சைபர் க்ரைம் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராகப் பதினோரு வருடம் இருந்தவள். ஒரு குற்றப்பத்திரிகையில் தப்பான ஆளின் பெயர் ஏறிவிட்டது என்று தெரிந்து, மேலே சொல்லிப் பார்த்து, யாரும் காது கொடுக்காததால் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தவள். அதற்குப் பிறகு, ஒருவர் பெயரைச் சொல்வதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

வழக்கு இதுதான். சத்திரப்பட்டி சாலையில் ஒரு பேண்டேஜ் கம்பெனி. அங்கே காயத்துக்குக் கட்டும் காஸ் துணிச் சுருள்களை நீராவியில் வேகவைத்துக் கிருமி போக்குகிற ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. ஆட்டோகிளேவ் என்பார்கள். அதை இயக்குகிறவர் வெள்ளத்தாயின் கணவர் தங்கப்பாண்டியன். மாசி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து இருபதுக்கு, உள்ளே ஆவி இறங்குவதற்கு முன்பே அதன் கதவு தானாகத் திறந்துகொண்டது. தங்கப்பாண்டியன் எதிரே நின்றிருந்தார். உயிர் தப்பியது. இரண்டு கண்ணும் போய்விட்டன.

கதவில் முன்பு ஒரு இரும்புப் பூட்டு இருந்தது. அது பழுதாகிக் கழற்றி வைத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ஆவி முழுக்க இறங்கும்வரை கதவைப் பிடித்து வைத்திருந்தது கம்ப்யூட்டர் ப்ரோகிராம் ஒன்றுதான். அந்த ப்ரோகிராமில், சம்பவத்தன்று மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு யாரோ ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் பெயர் என்று போலீஸ் எடுத்த காகிதத்தில் இருந்தது லக்ஷ்மண். ப்ரோகிராமை எழுதிக் கொடுத்த சின்னக் கம்பெனியில் வேலை பார்த்த இருபத்தாறு வயது இளைஞன். அதற்கு ஒரு வாரம் முன்பு அவனுக்கும் பேண்டேஜ் கம்பெனிக்கும் தகராறு. 'ஒருநாள் யாராவது மாட்டுவாங்க, அன்னைக்குத் தெரியும் உங்களுக்கு' என்று அவன் கத்தியதைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். பழிவாங்கத்தான் செய்தான் என்று உள்ளே வைத்துவிட்டார்கள்.

இன்று பதினோரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவனுடைய ஜாமீன் மனு. வெளியே விடக்கூடாது என்று வெள்ளத்தாய் சொல்ல வேண்டும். அவளை அழைத்துப்போக ஒன்பதரைக்குக் கம்பெனி கார் வரும்.

எல்லாரும் அவன்தான் என்கிறபோது, மூன்று நாள் முன்பு எதற்கு என்னிடம் வந்தாய் என்று நாராயணி கேட்டாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மனுஷன் நம்ப மாட்டேன் என்கிறார் என்றாள் வெள்ளத்தாய். அந்தப் பையன் கம்பெனிக்கு வந்தால் தங்கப்பாண்டியன் பக்கத்திலேயே நிற்பானாம். அண்ணே நீங்க எங்க நிப்பீங்க, எந்தக் கையால திருப்புவீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வானாம்.

"நான் நிக்கிற இடத்தக் கேட்டு எழுதினவன் எனக்கு இதச் செய்வானாங்காவ. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா தப்பான ஆளக் குத்திட்டு உள்ள போயிட்டா, சரியான ஆளு வெளிய நல்லா இருப்பான்லக்கா. அதுக்குத்தான் வந்தேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டுக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்த மலைச்சாமி தலையை நிமிர்த்தினார். ஓய்வுபெற்ற ஹெட் கான்ஸ்டபிள். நாராயணிக்கு உதவியாளர் என்று பெயர். அவர் வாய்க்கு யாரும் உதவ வேண்டியதில்லை.

"தாயி, இந்தக் கட்டு பிரிய மாட்டேங்குது. கத்தரி இருக்கா?"

வெள்ளத்தாயின் கை தன்னை அறியாமல் பைக்குள் போய், பாதியில் நின்றது. அவள் காஸ் துணி வெட்டும் பிரிவில் வேலை பார்ப்பவள். மலைச்சாமி கையை நீட்டியபடியே இருந்தார். முழங்கை நீளத்துக்கு இருந்த கத்தரிக்கோலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"உலகத்துல இது ஒண்ணுதான் இருக்குன்னு நினைக்கியளா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

*

ப்ரோகிராம் எழுதிய கம்பெனி இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரே அறை. முதலாளி அழகுராஜா, அவரிடம் வேலை பார்த்த லக்ஷ்மண், அவ்வளவுதான் ஆட்கள். அழகுராஜாவுக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டு மாதத்தில் பத்து கிலோ இளைத்திருந்தார். எதையும் தொடாதே, யாரிடமும் பேசாதே என்று வக்கீல் சொன்னதாக வாசலிலேயே சொன்னார். நான் பேச வரவில்லை, படம் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டே நாராயணி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

மலைச்சாமிக்கு விளங்கவேண்டி, அழகுராஜா முதலில் இருந்து சொன்னார். முன்பெல்லாம் ப்ரோகிராமை ஒருவர் எழுதி முடித்து இன்னொருவருக்கு அனுப்புவார். இப்போது எழுதுகிற எடிட்டரே மாறிவிட்டது. ஒரே பக்கத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும், எந்த ஊரில் இருந்து வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம். ஒவ்வொருவர் கை இருக்கும் இடத்திலும் ஒரு சின்னக் கோடு மினுக்கும். அதன் தலையில் அவர் பெயர் இருக்கும்.

"எங்க ஸ்டேஷன்ல ஒரு எஃப்.ஐ.ஆர். எழுத ஒருத்தருக்கு மூணு நாள் ஆகும். மூணு பேரு சேந்து எழுதினா ஒம்பது நாள் ஆயிருக்கும்" என்றார் மலைச்சாமி.

போதாததற்கு ஏஐ ஒன்றும் கூடவே உட்கார்ந்திருக்கிறது என்றார் அழகுராஜா. நாம் இரண்டெழுத்து தட்டினால் மீதி வரியை அதுவே சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டும். சரியென்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

"எங்க ரைட்டர் மாதிரிங்க. சாட்சி வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே வாக்குமூலம் ரெடியா இருக்கும்."

நாராயணி சிரிக்கவில்லை. சம்பவத்தன்று நடந்ததை எடிட்டர் பதிவு செய்து வைத்திருக்குமா என்று கேட்டாள். தொண்ணூறு நாள் வைத்திருக்கும் என்றார். போலீஸுக்கு அதைக் கொடுத்தீர்களா என்றாள். அவர்கள் பட்டியல்தான் கேட்டார்கள், யார் எத்தனை மணிக்கு எந்த வரியைத் தொட்டார்கள் என்று காகிதத்தில் எடுத்துக் கொடுத்தேன் என்றார். பதிவை நீங்களாவது பார்த்தீர்களா என்றாள். அழகுராஜா தரையைப் பார்த்தார். அவர் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். தன்னிடம் மூன்று வருடம் வேலை பார்த்தவன் உள்ளே கிடக்கிறான், அவர் பார்க்கவில்லை.

"இப்பப் பாப்போம்" என்றாள் நாராயணி.

திரையில் அந்த வெள்ளிக்கிழமை மாலை மறுபடி ஓட ஆரம்பித்தது. எழுத்துகளுக்கு நடுவே ஒரு பச்சைக் கோடு ஓடியது. தலையில் லக்ஷ்மண் என்ற பெயர். சரசரவென்று எழுதியது, நின்றது, திருத்தியது. ஐந்து மணிக்குப் புது ப்ரோகிராம் தானே இயந்திரத்துக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தது. நான்கு மணி மூன்று நிமிடத்தோடு அசையாமல் நின்றுவிட்டது. டீக்குப் போயிருப்பான் என்றார் அழகுராஜா. அவனும் போலீஸில் அதைத்தான் சொல்லியிருந்தான். டீக்கடையில் சாட்சி கிடைக்கவில்லை.

நான்கு ஒன்பதுக்கு இன்னொரு கோடு உள்ளே வந்தது. அதன் தலையிலும் லக்ஷ்மண்.

"நிறுத்துங்க."

அழகுராஜாவின் விரல் அப்படியே நின்றது.

"பச்சைக் கோடு அங்கேயேதான் நிக்குது. இது யாரு?"

இரண்டாவது லக்ஷ்மண் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கிக்கொண்டிருந்தான். ஒரு ஆளுக்கு ஒரு நிறம்தான் கிடைக்கும். வெளியில் இருந்து விருந்தாளியாக லிங்க் வழியே வருகிறவர் தன் பெயர் என்று எதைத் தட்டினாலும் எடிட்டர் ஏற்றுக்கொள்ளும் என்று அழகுராஜா மெல்லச் சொன்னார்.

"லாட்ஜ் ரிஜிஸ்டர்னு சொல்லுங்க" என்ற மலைச்சாமி, கோர்ட்டில் வைத்திருக்கும் காகிதத்தின் நகலை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அதில் இரண்டு லக்ஷ்மணும் கறுப்பாக இருந்தார்கள். "கலர் ஜெராக்ஸ் எடுக்க மனசு வராம ஒருத்தன ரெண்டு மாசம் உள்ள வச்சிருக்காங்க மேடம்."

நாராயணி படத்தை ஓடவிட்டாள். ஆரஞ்சுக் கோடு எழுதத் தெரிந்தவன் கைபோல இல்லை. கரண்ட் போன வீட்டில் வேற்று ஆள் சுவரைத் தடவுவதுபோல மேலும் கீழும் போனது. ஒரு இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு வரி தானாக வந்து விழுந்து, உடனே கறுப்பாகி நிலைத்தது. மணி நான்கு பன்னிரண்டு. அந்த வரியில், கதவு என்பதற்கு ஆங்கில எழுத்தில் இருந்த சொல் 'தலுப்பு'.

நாராயணி அந்த வார்த்தையை இரண்டு தடவை வாசித்தாள். லக்ஷ்மண் எழுதிய மற்ற எல்லா இடத்திலும் கதவுக்கு ஆங்கில வார்த்தைதான் இருந்தது. தலுப்பு அவள் குடியிருந்த தெருவில் நாள்தோறும் கேட்கிற சொல். தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டம்மா பிள்ளைகளைப் பார்த்துக் கதவைச் சாத்தச் சொல்வது அப்படித்தான்.

"உங்க வீட்ல என்ன பாஷை சார்?"

அழகுராஜாவின் முகம் வெளுத்தது. மலைச்சாமி எழுந்துபோய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "தலுப்பச் சாத்திட்டேன் மேடம். நீங்க கேளுங்க."

அந்த வரியை நான் எழுதவே இல்லை என்றார் அழகுராஜா. லக்ஷ்மண் இல்லையென்றால் மிச்சம் இருப்பது தான் ஒருவன்தான், இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்தது. நாராயணி திரையில் இருந்த அந்த வரியை மறுபடி பார்த்தாள். அடுத்தவன் பெயரை மாட்டிக்கொண்டு வருகிறவன், தன் வீட்டு வார்த்தையை எழுதிக் காட்டிக்கொடுத்துக் கொள்வானா? அந்த வரியை ஆள் எழுதவில்லை. ஏஐ எழுதியது. அதற்குத் தெலுங்கு எங்கிருந்து கிடைத்தது?

அதைத்தான் கேட்டாள். தானாக வராது, எழுதுகிறவர் கம்ப்யூட்டரில் பக்கத்தில் என்ன கோப்பு திறந்திருக்கிறதோ அதில் இருந்து வார்த்தையை எடுத்துக்கொள்ளும் என்றார் அழகுராஜா. சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அதே பெட்டிக்கு முதல் ப்ரோகிராமை எழுதியது அவர்தான். அப்போது விளையாட்டாக எல்லாவற்றுக்கும் தெலுங்குப் பெயர் வைத்தாராம்.

"அந்தப் பழைய ப்ரோகிராம் இப்ப எங்க இருக்கு?"

"என்கிட்ட இல்ல. ஒரே ஒரு கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அந்த பேண்டேஜ் கம்பெனில."

வேலை எப்படி நடக்கிறது என்று அவர்கள் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்க்கட்டும் என்று அவரே லிங்க் அனுப்பியிருந்தார். பார்க்க மட்டும்தான் என்று நினைத்தார். எழுதவும் முடிகிற மாதிரி விட்டுவிட்டார். ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு வரி எழுதத் தெரிந்த ஆள் கிடையாது, அதனால்தான் யாருக்கும் அந்தப் பக்கம் புத்தியே போகவில்லை என்றார்.

"எழுதத் தெரியணும்னு இப்ப என்ன இருக்கு? கேக்கத் தெரிஞ்சா போதுமே" என்றாள் நாராயணி. "ஏஐகிட்ட அந்த ஆள் என்ன கேட்டான்னு இருக்குமா?"

இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான். அழகுராஜா திறந்து காட்ட, நாராயணி வாய்விட்டு வாசித்தாள். நான்கே வரிதான். வாசித்து முடித்ததும் மலைச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி ஒன்பது ஐம்பது. வெள்ளத்தாய் கம்பெனிக் காரில் ஏறி இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

எல்லாவற்றையும் கலரில் எடுத்துக்கொண்டு, லேப்டாப்போடு கோர்ட்டுக்கு வரச் சொன்னாள் நாராயணி. அழகுராஜா தயங்கினார். வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார். நாராயணி எழுந்தாள்.

"ரெண்டு மாசம் பாக்காம இருந்தீங்க. இன்னைக்கும் வரலேன்னா, வெள்ளத்தாய்கிட்ட நான் ரெண்டு பேரு சொல்லுவேன். ஒண்ணு உங்களது."

*

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதினோரு கிலோமீட்டர். சித்திரை வெயில் காலையிலேயே ரோட்டில் கானல் விட்டது. மலைச்சாமி வண்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்திருந்த நாராயணிக்கு அந்த நான்கு வரியும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையிலேயும் கிளி, இந்த ஏஐயும் ஒரு கிளி, அது இலையில் செய்த கிளி, சாட்சி சொல்லாது, இது சொல்லிவிட்டது என்று மலைச்சாமி ஒருதடவை பேச்சை ஆரம்பித்தார். பதில் வராததால் விட்டுவிட்டார்.

கோர்ட் வளாகத்தில் கம்பெனி வேன் நின்றது. இருபது, இருபத்தைந்து பெண்கள். எல்லாரும் தங்கப்பாண்டியனோடு வேலை பார்த்தவர்கள். 'குற்றவாளிக்கு ஜாமீன் தராதே' என்று எழுதிய அட்டைகளைக் கையில் பிடித்திருந்தார்கள். கம்பெனி மேனேஜர் வேங்கடேசன் வெள்ளைச் சட்டையில் நடுவே நின்று, ஒவ்வொருத்தருக்கும் தன் கையாலேயே மோர்ப் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றதும், வக்கீலை வைத்ததும், இந்தக் கூட்டத்தைச் சேர்த்ததும் அவர்தான். அந்தப் பயலை விட்டுவிடாதே என்று இரண்டு மாதமாக வெள்ளத்தாயின் காதில் ஓதிக்கொண்டிருந்ததும் அவர்தான்.

கார் வேப்பமரத்தை விட்டுத் தள்ளி, வெயிலில் நின்றது. உள்ளே ஏசி ஓடியது. பின்சீட்டில் வெள்ளத்தாய், ஓட்டும் இடத்தில் டிரைவர் சமுத்திரம். சமுத்திரம் தங்கப்பாண்டியனுக்குச் சித்தப்பா மகன். நாராயணி கதவைத் திறந்து வெள்ளத்தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேரு கெடச்சுதாக்கா?"

"ஒண்ணு கேக்கேன், சொல்லு. அன்னைக்கு மத்தியானம் அவர் சாப்பிட வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தாவ."

"என்ன பேசினார்?"

இரண்டு மாதத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. வெள்ளத்தாய் யோசித்து யோசித்துச் சொன்னாள். "சோறே எறங்கல அவியளுக்கு. இன்னைக்கு மெசின்ல எட்டு லோடு துணி எடுக்கணுமாம். ஆறுக்கு மேல ஆவாதுன்னா கேக்க மாட்டேங்காராம். அந்தப் பையன்கிட்டயும் போன வாரம் கேட்டு, அவன் ஆள் மாட்டிக்கிடும்னு சண்ட போட்டுட்டுப் போயிட்டானாம். நீ ஒண்ணும் கவலப்படாத, அஞ்சு மணிக்கு மேல மெசின் வேகமா ஓடும் பாருன்னு மேனேஜரு..."

வார்த்தை அங்கே நின்றது. அவளே சொன்னதை அவளே கேட்டாள். முன்னால் சமுத்திரத்தின் கை ஸ்டியரிங்கில் இறுகியது.

நாராயணி காகிதத்தை எடுத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

அந்த ஆள் கேட்டது: கதவு ரொம்ப நேரம் காத்திருக்கு, காத்திருக்காம திறக்கிற மாதிரி மாத்து.

ஏஐ சொன்னது: ஆவி இறங்கும் முன் திறந்தால் எதிரே இருப்பவருக்கு ஆபத்து. கதவுக்குப் பக்கத்தில் ஆள் யாராவது நிற்பார்களா?

அந்த ஆள் சொன்னது: ஆள் யாரும் நிக்க மாட்டாங்க. எட்டு லோடு முடியணும். மாத்து.

பிறகு ஏஐ: மாற்றிவிட்டேன்.

வெள்ளத்தாய் வெளியே பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே வேங்கடேசன் ஒரு கிழவிக்கு மோர்ப் பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆளு நிக்கானான்னு அந்த மெசினா கேட்டுச்சு?"

"ஆமா."

"மெசினுக்குக் கேக்கத் தெரிஞ்சிருக்கு."

அப்போது வேங்கடேசன் காரை நோக்கி வந்தார். முன்கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாடா என்று ஏசியைத் தன் பக்கம் திருப்பினார். நாராயணியைப் பார்த்து யார் என்று கேட்டார். வக்கீல் அம்மா என்றாள் வெள்ளத்தாய், குரல் பிசகாமல். இன்னும் அரைமணியில் கூப்பிடுவார்கள், நான் சொன்ன மாதிரியே சொல்லிவிடு, அழு, அழுதால் நீதிபதி மனசு இளகும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். நாராயணியும் இறங்கினாள். சமுத்திரம் சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு நடந்தான். வேங்கடேசன் போனில் பேசிக்கொண்டிருந்ததால் ஏசி நின்றது அவருக்கு உடனே உறைக்கவில்லை.

வெள்ளத்தாய் நேராகப் பெண்களிடம் போனாள். அவள் கத்தவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னாள். அன்று மேனேஜர் தன் புருஷனிடம் சொன்னதையும், நாராயணி வாசித்த நான்கு வரியையும் ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். கேட்கக் கேட்க ஒவ்வொரு முகமாகக் காரின் பக்கம் திரும்பியது. மோர்ப் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

வேங்கடேசன் நிமிர்ந்து பார்த்தபோது கார் இருந்த இடம் தெரியாதபடி, எந்தக் கதவும் திறக்க இடமில்லாமல் பெண்கள் சூழ்ந்து நின்றார்கள். யாரும் கை ஓங்கவில்லை. ஒருத்தி கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். பயந்துபோய் அவர் நாலு கதவையும் உள்ளிருந்து பூட்டிக்கொண்டார். கண்ணாடியை இறக்கலாம் என்று பார்த்தால் சாவி இல்லை. வெயில் நேராகக் கூரைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

கோர்ட் வாசலில் நின்ற இரண்டு காவலர்களுக்கு என்ன கூட்டம் என்று விளங்கவில்லை. ஒரு சத்தம் கொடுத்தால் ஓடி வந்துவிடுவார்கள். நாராயணி சத்தம் கொடுக்கவில்லை. பதினோரு வருடம் அணிந்த சீருடை உடம்பில் எங்கோ உறுத்தியது. இரும்புப் பெட்டியின் முன் நின்ற மனுஷனுக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லையே என்று நினைத்தாள்.

"போலீஸக் கூப்பிடவா மேடம்?" என்று மலைச்சாமி கேட்டார்.

"கூப்பிடுங்க. நடந்து போயி கூப்பிடுங்க."

"எனக்கும் முட்டிவலி மேடம். மெதுவாத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு கடலைப் பொட்டலம் வாங்க நின்றார்.

உள்ளே வேங்கடேசன் கண்ணாடியைத் தட்டினார். வாய் அசைந்தது. தண்ணீர் என்றது, அம்மா என்றது. வெள்ளத்தாய் முன்கதவுப் பிடியில் கை வைத்தாள். பெண்கள் விலகி வழி விட்டார்கள்.

"கதவத் தெறக்கச் சொல்லுதியளா சார்?"

அவர் தலையை வேகமாக ஆட்டினார்.

"தெறக்கேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும்ல. கதவுக்குப் பக்கத்துல ஆளு யாராவது நிக்காவளா?"

அவருக்கு அது எந்தக் கேள்வி என்று தெரிந்துவிட்டது. முகத்தில் வேர்வை அப்படியே நிற்க, கண் மட்டும் அகலமாக விரிந்தது. அவர் தலை கவிழ்ந்தது. அவள் விடவில்லை. மறுபடியும் அதே குரலில் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவர் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு கத்தினார்.

"நிக்கான்... நிக்கான்னு தெரியும்... தங்கப்பாண்டி நிப்பான்னு தெரியும்மா... தெறந்து விடு."

கண்ணாடி தாண்டி வந்த அந்தச் சத்தத்தை இருபத்தைந்து பேரும் கேட்டார்கள். கடலையைக் கொறித்துக்கொண்டே இரண்டு காவலர்களோடு வந்துசேர்ந்த மலைச்சாமியும் கேட்டார். வேங்கடேசனே பூட்டை விடுவிக்க, வெள்ளத்தாய் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் வெளியே விழுந்தார். தூக்கி நிறுத்தியது காவலர்கள்தான். அவள் ஒரு விரல்கூட அவர்மேல் வைக்கவில்லை.

பதினோரு மணிக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அழகுராஜா வந்தார். கலர்க் காகிதத்தை நீட்டி, தான் பார்க்கத் தவறியதையும் சேர்த்துச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். லக்ஷ்மணுக்கு ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்தவன் வெள்ளத்தாயைப் பார்த்ததும் சுவரோடு ஒண்டினான். போன வாய்தாவில் அவன் முகத்தில் மண்ணை வாரி எறிந்தவள் அவள். இன்று அவன் முன் போய் நின்று, தன் கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போக வெள்ளத்தாய் மதுரை பஸ்ஸுக்கு நிற்கும்போது, மனசு கொஞ்சம் ஆறியதா என்று மலைச்சாமி கேட்டார்.

"இல்லண்ணாச்சி" என்றாள். "அந்த மேனேஜரு பெரிய வக்கீல் வைப்பான், ஜாமீன்ல வருவான், கேஸு வருசக்கணக்கா ஓடும். ஓடட்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவேன். அவன் கண்ணுக்கு நேரா உக்காந்து அவனையே பாத்துக்கிட்டிருப்பேன். அவியளால பாக்க முடியாதுல்ல. அவியளுக்கும் சேத்து நான் பாப்பேன்."

பஸ் வந்தது. அவள் ஏறி, ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து, கோர்ட் இருந்த திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.